வாய்க்கால் ஓரம் போகலாமா, கூடாதா?

மொரீசியஸின் நீர்வழிகளையும் காடுகளையும் பொறுப்பில் வைத்திருக்கும் அதிகாரிகளுக்கு,

வணக்கம்.

போன குளிர்காலத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, காலை ஏழு மணி இருக்கும். வடக்கே ஒரு வாய்க்கால் ஓரமாகச் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனேன், கூட என் தங்கை மகன். எத்தனையோ முறை போன பாதைதான். கேட் பக்கம் வந்ததும் ஒரு காவலர் குடையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு எழுந்து வந்தார். "தோந்தோன், பா கபாவ் பாசே" என்றார், எங்கள் தீவின் பேச்சுமொழியான கிரியோலில். மாமா, போக முடியாது. சரி, ஏன் என்று கேட்டேன். அப்படித்தான் உத்தரவு என்றார். யார் போட்ட உத்தரவு என்றதற்கு மேலே கையைக் காட்டினார். மேலே மேகம்தான் இருந்தது.

இரண்டு வாரம் கழித்து அதே கேட், காவலர் மட்டும் வேறு. "போங்க மாமா, பாசி வழுக்கும், பார்த்து" என்று சொல்லிக் கேட்டை அகலத் திறந்துவிட்டார். திரும்பி வரும்போது டீ கூடக் கொடுத்தார்.

எந்த வாய்க்கால், எந்த இலாகா என்று எழுத மாட்டேன். இருவருமே நல்ல மனிதர்கள். ஒருவருக்கு வேலை போய்விடுமோ என்று பயம், இன்னொருவருக்கு அந்தப் பயம் இல்லை, அவ்வளவுதான். என் கேள்வி அவர்களுக்கு இல்லை. உங்களுக்கு. அந்தப் பாதையில் நடக்கலாமா, கூடாதா? சைக்கிளில் போகலாமா, கூடாதா? 'போகலாம்' என்றால் ஒரு பலகையில் எழுதிப் போடுங்கள். 'கூடாது' என்றாலும் காரணத்தோடு எழுதிப் போடுங்கள். இந்த மடலில் நான் கேட்பது இது ஒன்றுதான். மீதியெல்லாம் இதை ஏன் கேட்கிறேன் என்பதற்கான கதை.

தமிழில் எழுதினால் உங்களில் பாதிப்பேர் படிக்க மாட்டீர்கள் என்று நண்பர் ஒருவர் சொன்னார். பிரெஞ்சில் எழுதிய இரண்டு கடிதங்களுக்கும் பதில் வரவில்லை. ஆகையால் தமிழில் எழுதுவதில் நஷ்டம் ஒன்றும் இல்லை. முப்பது வருடம் பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிக்கொடுத்தவன், எனக்கு வசதியான மொழியில் எழுதுகிறேன்.

மிட்லண்ட்ஸ் அணையிலிருந்து லா நிக்கோலியேர் நீர்த்தேக்கம் வரை வரும் ஃபீடர் கனால் உங்களுக்குத் தெரிந்ததுதான். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். தீவின் நடு மேட்டில் பெய்கிற மழையை வடக்கே கொண்டுவரும் திறந்த வாய்க்கால் அது. மலைச்சரிவை ஒட்டி வளைந்து வளைந்து வருகிறது. பள்ளம் குறுக்கிட்டால் தொட்டிப்பாலத்தில் ஏறிக் கடக்கிறது. வழியில் அகப்படும் ஓடைத் தண்ணீரையும் வாங்கிக்கொள்கிறது. லா நிக்கோலியேர் நீர்த்தேக்கம் 1929இல் கட்டியது. வட மாவட்டங்களின் குழாய்த் தண்ணீருக்கு அதுதான் முக்கியமான ஆதாரம். நான் காலையில் காபிக்குப் பிடிக்கும் தண்ணீர் இந்த வழியாகத்தான் வருகிறது என்பது எனக்கே நாற்பது வயதில்தான் உறைத்தது.

தண்ணீர் பம்பு இல்லாமல் தானாகவே இறங்கி வரவேண்டும். அதற்காகச் சரிவைக் கண்ணுக்கே தெரியாத அளவுக்கு வைத்துக் கட்டியிருக்கிறார்கள். கரையும் அதே மட்டத்தில்தான் போகிறது. இந்தத் தீவில் சைக்கிள் விட்டவர்களுக்கு அதன் அருமை தெரியும். கடற்கரைச் சாலையை விட்டால் எங்கே திரும்பினாலும் ஏற்றம், இல்லாவிட்டால் கரும்பு லாரி. வாய்க்கால் ஓரத்தில் மட்டும்தான் மலைக்குள்ளேயே சமதரையில் போகலாம். மூச்சு வாங்காது. காதில் தண்ணீர்ச் சத்தம் ஒன்றுதான்.

அங்கே என்ன இருக்கிறது என்றால், பெரிதாக ஒன்றும் இல்லை. மூங்கில் புதர், ராவெனாலா என்கிற விசிறி வாழை, யூகலிப்டஸ். கசிவு இருக்கும் இடமெல்லாம் 'சோஞ்', அதாவது நம் சேம்பு. என் அம்மா அந்த இலையைக் கொண்டுவரச் சொல்வாள். தண்டைத் தோல் உரித்து, புளி விட்டு, கரண்டியால் மசித்து மசித்து வேகவைப்பாள். புளி குறைந்தால் தொண்டை அரிக்கும். இன்றைக்கும் அந்த இலை மேல் ஒரு நீர்த்துளி உருள்வதைப் பார்த்தால் எனக்கு வாயில் புளிப்புத்தான் ஊறுகிறது. குரங்குகள் எதிர்க்கரையில் வரிசையாக உட்கார்ந்து நம்மைக் கணக்கெடுக்கும். சிமென்ட் வரம்பில் மஞ்சள் இலைகள் மிதந்து வந்து, கம்பித் தடுப்பில் ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டிக்கொள்ளும். கொஞ்ச நேரத்தில் தண்ணீர் அதற்குப் பின்னால் ஒரு விரற்கடை உயரும். அந்த இலையை வாரிப்போட ஆள் வேண்டும். யாரோ நடந்தே தீரவேண்டிய பாதை அது. வாய்க்கால் என்று ஒன்று இருந்தால் ஓரத்தில் காலடிப் பாதையும் இருக்கும்.

சைக்கிள்காரனுக்கு வாய்க்கால் மேல் ஏன் இத்தனை பாத்தியதை என்று கேட்பீர்கள். கொஞ்சம் பழைய கதை சொல்ல விடுங்கள்.

1735இல் மாஹே தெ லா பூர்தொனே ஆளுநராக வந்தபோது போர்ட் லூயி பேருக்குத்தான் துறைமுகம். கிராண்ட் ரிவியேர் ஆற்றிலிருந்து ஊருக்குள் தண்ணீர் கொண்டுவர அவர் ஒரு வாய்க்கால் கட்டவைத்தார். ஊரைக் கட்டிய உழைப்பில் பெரும்பகுதி அடிமைகளுடையது. அந்தக் காலத்தில்தான் புதுச்சேரிப் பக்கமிருந்து தமிழ்க் கொத்தனார்களும் தச்சர்களும் கப்பலேறி வந்தார்கள். நகரத்தின் கிழக்கே அவர்கள் குடியிருந்த இடத்துக்கு 'மலபார் முகாம்' என்றே பெயர். தென்னிந்தியர்களைப் பிரெஞ்சுக்காரர்கள் அப்படித்தான் அழைத்தார்கள். 1834க்குப் பிறகு ஒப்பந்தக் கூலிகளாக வந்தவர்கள் வேறு. ஆக, கல்லடுக்குவதும் வாய்க்கால் வெட்டுவதும் நமக்கு இந்த மண்ணில் முந்நூறு வருடப் பழக்கம். இதற்காகத் தமிழர்களுக்குத் தனிச் சலுகை கேட்கவில்லை. ஏன் எட்டி நிற்கவேண்டும் என்றுதான் கேட்கிறேன்.

எட்டி நிற்பதும் நமக்குப் புதிது. தைப்பூசக் காவடி எங்கே தொடங்குகிறது? ஆற்றங்கரையில். விடியற்காலையில் குளித்து, அலகு குத்தி, பால்செம்பு தூக்கி, அங்கிருந்துதான் கோயிலுக்கு நடக்கிறோம். அன்றைக்கு ஒரு நாள் ஆற்றங்கரை ஆயிரக்கணக்கானவர்களுக்குத் திறந்திருக்கிறது. அரசு விடுமுறை, போலீஸ் பாதுகாப்பு, எல்லாம் உண்டு. மறுநாள் அதே கரையில் ஒருவர் தனியாக நடந்தால் சந்தேகமாகப் பார்க்கிறார்கள்.

சட்டமும் நம்மிடம் இருக்கிறது. ஆறுகள், கால்வாய்கள் பற்றிய சட்டம் 1863இல் வந்தது. காடுகள், ஒதுக்குநிலங்கள் சட்டம் 1983இல் வந்தது. ஆற்றின் விளிம்பிலிருந்து 16 மீட்டர், சிற்றாறு என்றால் 8 மீட்டர், கிளையோடை என்றால் 3 மீட்டர் ஒதுக்குநிலம் என்று அளந்தே சொல்லியிருக்கிறது அந்த இரண்டாவது சட்டம். மரத்தை வெட்டாதே என்பதற்கு அளவுகோல் வைத்திருக்கிறோம். மனிதன் அங்கே நடக்கலாமா என்பதற்கு மட்டும் காவலரின் முகத்தைப் பார்க்கவேண்டியிருக்கிறது.

உங்கள் பக்கத்து நியாயத்தையும் பேசிவிடுகிறேன். குடிதண்ணீர் போகிற வாய்க்கால், ஆட்களை விட்டால் குளிப்பார்கள், பாட்டில் போடுவார்கள் என்பது முதல் பயம். நியாயமான பயம். ஆனால் வாய்க்காலில் நான் கண்ட குப்பையைச் சொல்கிறேன், நீங்களே யோசித்துப் பாருங்கள். ஒரு பழைய மெத்தை. கோழி இறகு மூட்டை. வண்டி டயர் நான்கு. மெத்தையை யாரும் தோளில் தூக்கிக்கொண்டு நடைப்பயிற்சிக்கு வருவதில்லை. சைக்கிள் கேரியரில் டயர் நான்கு ஏறாது. இதெல்லாம் இரவில் வண்டி வைத்துக்கொண்டு வருகிறவர்களின் வேலை. நல்லவர்கள் யாரும் வரமாட்டார்கள் என்ற தைரியத்தில் வருகிறார்கள். ஞாயிற்றுக்கிழமை முப்பது பேர் நடக்கிற பாதையில் மெத்தை போட யோசிப்பார்கள். போட்டாலும் திங்கட்கிழமையே உங்களுக்குத் தகவல் வந்துவிடும்.

விழுந்துவிடுவார்கள் என்பது இரண்டாவது பயம். இதை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. தொட்டிப்பாலம் வரும் இடத்தில் ஒரு பக்கம் தண்ணீர், மறுபக்கம் பள்ளம். மழை நாளில் அந்த வரம்பில் சைக்கிள் ஏறி மிதிப்பவன் முட்டாள். அந்த இடங்களை மூடுங்கள், சுற்றுவழி காட்டுங்கள், முடிந்தால் கைப்பிடிக் கம்பி போடுங்கள். புயல் எச்சரிக்கை வந்தால் எல்லாவற்றையும் மூடுங்கள். மான் வேட்டை நடக்கும் பக்கங்களில் அந்த நாட்களில் மூடவேண்டுமா, மூடுங்கள். ஆனால் தேதி போட்டு மூடுங்கள். திறக்கும் தேதியையும் அதே தாளில் எழுதுங்கள்.

கன்னியாகுமரி மாவட்டத்தில் மாத்தூர் தொட்டிப்பாலம் என்று ஒன்று இருக்கிறது. 1966இல் கட்டியது. பறளியாற்றுக்கு மேலே, 115 அடி உயரத்தில், ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர் நீளத்துக்குத் தண்ணீர்த் தொட்டி ஒரு மலையிலிருந்து இன்னொரு மலைக்குப் போகிறது. பக்கத்திலேயே நடைபாதை. சில வருடங்களுக்கு முன் குடும்பத்தோடு போயிருந்தபோது அதில் நடந்தேன். நடுவில் நின்று கீழே பார்த்தால் தென்னை மரத்தின் உச்சி காலுக்குக் கீழே எங்கேயோ தெரிகிறது. என் மனைவி பாதி தூரத்தில் கண்ணை மூடிக்கொண்டு என் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். பள்ளிப் பிள்ளைகள் எங்களைத் தாண்டி ஓடினார்கள். வயலுக்குப் பாய்கிற வாய்க்கால் ஒன்று, அந்த ஊருக்கே பார்க்கவேண்டிய இடமாகிவிட்டது. பாய்ச்சல் வேலை ஒன்றும் நிற்கவில்லை.

பக்கத்துத் தீவு ரீயூனியனில் மாஃபாத் மலைக்குள் லே சொரான்ஜே என்ற சிற்றூருக்குப் போகிற தண்ணீர்க் குழாய்த்தடத்தையே நடைபாதையாக வைத்துக்கொண்டு எத்தனையோ பேர் நடக்கிறார்கள். நமக்கும் அவர்களுக்கும் நடுவில் இருநூறு கிலோமீட்டர்கூட இல்லாத கடல்தான்.

என் மகள் லண்டனில் இருக்கிறாள். அவள் வீட்டுக்குப் பக்கத்தில் ரீஜென்ட்ஸ் கால்வாய், 1820இல் முடித்தது. அது தண்ணீர் கொண்டுபோக வெட்டியதில்லை, சரக்குப் படகுக்காக வெட்டியது. கரையில் குதிரை நடந்து கயிற்றால் படகை இழுக்கும். பாலத்துக்கு அடியில் திரும்பும் இடத்தில் இரும்பு முனை வைத்திருக்கிறார்கள். அதில் கயிறு உரசி உரசி விரல் நுழைகிற அளவுக்குப் பள்ளம் பள்ளமாகத் தேய்ந்திருக்கிறது. நான் விரலை விட்டுப் பார்த்தேன், மகள் படம் எடுத்தாள். இப்போது குதிரை இல்லை. நடப்பவர்கள், குழந்தை வண்டி தள்ளுபவர்கள், அலுவலகம் போகும் சைக்கிள்காரர்கள். நடப்பவருக்குத்தான் முதல் வழி, சைக்கிள் மெதுவாகப் போகவேண்டும் என்று விதி. எல்லோரும் மதிக்கிறார்கள் என்று பொய் சொல்ல மாட்டேன். ஒருவன் என் முழங்கையை இடித்துவிட்டு மணி அடித்தான், அடித்துவிட்டு இடித்திருக்கலாம். ஆனால் விதி என்ன என்பது இரண்டு பேருக்கும் தெரியும். அவனைத் திட்ட எனக்கு உரிமை இருந்தது. இங்கே அதுகூட இல்லை.

அதே லண்டன் ஓரத்தில் எப்பிங் காடு. வேலி போட்டு வளைத்துக்கொள்ளப் பார்த்த நிலக்காரர்களைத் தடுத்து, 1878இல் ஒரு சட்டம் போட்டு, அந்தப் பழங்காட்டை மக்கள் உலாவுவதற்கென்று ஒதுக்கினார்கள். நமக்கு 1863இல் கால்வாய்ச் சட்டம் தந்த அதே பிரிட்டிஷ் ஆட்சிதான்.

சரி, காட்டுக்கு வருகிறேன். இங்கே உங்களைப் பாராட்டவும் வேண்டும். பிளாக் ரிவர் கோர்ஜஸ் தேசியப் பூங்காவில் நான் கேட்கும் தெளிவு ஏற்கெனவே இருக்கிறது. 1994இல் அறிவித்தது, 6,574 ஹெக்டேர். பெத்ரேனில் தகவல் நிலையம், பாதைக்குப் பெயர், பலகை. மக்காபே பக்கம் நடக்கிறவனை யாரும் 'எங்கே போறே' என்று கேட்பதில்லை. ஆகவே உங்களால் முடியாத காரியம் என்று யாரும் சொல்ல முடியாது.

அங்கே மட்டும் நான் சைக்கிளுக்கு எதிர்க்கட்சி. என் சைக்கிள் நண்பர்கள் கோபித்துக்கொள்வார்கள், கோபித்துக்கொள்ளட்டும். மக்காபே, பிரீஸ் ஃபேர் பக்கம் நிற்பது இந்தத் தீவின் மிச்சம். தீவில் நல்ல நிலையில் இருக்கும் பழைய இயற்கைக் காடு 2 சதவீதம்கூட இல்லை. 1638இல் டச்சுக்காரர்கள் குடியேறியது பெருமளவு கருங்காலிக்காக. 1710இல் விட்டுப் போனபோது மரத்தைக் கொண்டுபோய் மானை விட்டுவிட்டுப் போனார்கள். மீதியைக் கரும்பு தின்றது. தமிழில் 'கருங்காலி' என்றால் கூட இருந்தே காட்டிக்கொடுப்பவனைத் திட்டும் சொல். கோடாரிக்குக் காம்பாகி மற்ற மரத்தை வெட்டக் கொடுக்குமாம். இந்த ஊர்க் கருங்காலியைப் பார்த்தால் அப்படித் திட்ட மனசு வராது. யாரையும் காட்டிக்கொடுக்கவில்லை, வெட்டுப்பட்டதுதான் அதன் கதை. அடிமரம் என் கைக்குள் அடங்கும். அந்தப் பருமனுக்கே அது எத்தனை தலைமுறை நின்றிருக்கவேண்டும் என்று வழிகாட்டி சொன்னபோது தொட்ட கையைத் தானாகவே எடுத்துக்கொண்டேன். அப்படிப்பட்ட மரங்களின் வேர் தரைக்கு மேலேயே படர்ந்திருக்கிறது. டயர் ஏறவேண்டிய இடம் இல்லை. சைக்கிளைப் பூங்காவின் வாகனப் பாதையோடு நிறுத்தி, மீதியைக் காலால் நடப்பதுதான் முறை.

இன்னொரு தர்மசங்கடமும் இருக்கிறது. கோயாவ் தெ ஷீன், அதாவது சீனக் கொய்யா. மே, ஜூன் வந்தால் பாதித் தீவு பிளேன் ஷாம்பாஞ் பக்கம் பிளாஸ்டிக் வாளியோடு கிளம்புகிறது. நானும் கிளம்புகிறேன். உப்பும் பச்சைமிளகாயும் சேர்த்து இடித்த பொட்டலம் சட்டைப்பையில். பழத்தை உள்ளங்கையில் நசுக்கி, உப்பில் தொட்டு, நின்ற இடத்திலேயே தின்னவேண்டும். வீட்டுக்குக் கொண்டுவந்தால் பாதி ருசி போய்விடும். ஆனால் நம் பழங்காட்டை நெரித்துக் கொல்வதும் அதே கொய்யாதான். எவ்வளவு நெருக்கமாக முளைக்கிறது என்றால் அதன் நிழலில் நாட்டு மரத்தின் ஒரு கன்றுகூடத் தலையெடுக்காது. வேலி போட்ட சில துண்டு நிலங்களில் ஆட்கள் கொய்யாவைக் கையால் பிடுங்கி எடுக்கிறார்கள். வேலிக்கு இந்தப் பக்கம் கொய்யாத் தடி ஈர்க்குச்சி மாதிரி நெருங்கி நிற்கும். அந்தப் பக்கம் முழங்கால் உயரத்துக்கு நாட்டு மரக் கன்றுகள். இதை நான் புத்தகத்தில் படித்து நம்பவில்லை, வேலியோரம் நடந்துபோய்ப் பார்த்த பிறகுதான் நம்பினேன். வாளியோடு வருகிற கூட்டத்தில் பத்துப் பேரையாவது அந்த வேலி வரை நடத்திக் கூட்டிப்போனால், அடுத்த வருடம் கொய்யா பிடுங்க ஆள் கிடைக்கும் என்று நினைக்கிறேன்.

இதைச் சொல்லக் காரணம், இந்த ஊரில் மனம் மாறியதும் உண்டு. ஃபெர்னே பள்ளத்தாக்கு வழியாக நெடுஞ்சாலை போடத் திட்டம் போட்டார்கள். அழிந்தே போனது என்று நினைத்திருந்த செடிகள் அந்த வழியில் கிடைத்தன. எதிர்ப்பு வந்தது, சாலை நின்றது. இன்றைக்கு அங்கே நடைபாதை இருக்கிறது. 1974இல் காட்டில் நான்கே நான்கு மொரீசியஸ் கெஸ்ட்ரல் பருந்துகள்தான் மிச்சம் என்ற நிலை. இப்போது அதைத் தேடி ஆட்கள் நடக்கிறார்கள். அந்த அளவு பெரிய காரியம் எதையும் நான் கேட்கவில்லை. பலகை கேட்கிறேன்.

பலகை எந்த மொழியில் என்ற சண்டையை மட்டும் தயவுசெய்து ஆரம்பித்துவிடாதீர்கள். நமது ரூபாய் நோட்டில் தமிழ் இருக்கிறது, எனக்கு அதில் பெருமைதான். 1998இல் நோட்டில் எந்த மொழி மேலே, எது கீழே என்று பட்ட பாடும் நினைவிருக்கிறது. வாய்க்கால் பலகையில் தமிழ் வேண்டாம். கிரியோலில் போடுங்கள், கேட்டருகே இருக்கும் காவலருக்கும் எனக்கும் என் தங்கை மகனுக்கும் ஒரே நொடியில் புரியும். நடக்கலாம். சைக்கிள் போகலாம், மெதுவாக. மோட்டார் சைக்கிள் கூடாது. தண்ணீரில் இறங்கக் கூடாது. தகவல் சொல்ல ஒரு தொலைபேசி எண். விடிந்ததிலிருந்து பொழுது சாய்வது வரை. இவ்வளவுதான், ஒரு சாண் தகரத்தில் அடங்கிவிடும்.

எல்லா வாய்க்காலையும் ஒரே நாளில் திறக்கச் சொல்லவில்லை. முதலில் ஒரே ஒரு துண்டு, நான்கைந்து கிலோமீட்டர், பாலம் இல்லாத பகுதியாகப் பார்த்து ஆறு மாதம் திறந்து பாருங்கள். குப்பை கூடுகிறதா குறைகிறதா என்று உங்கள் ஆட்களே எண்ணட்டும். கம்பித் தடுப்பில் இலை வாரும் தொழிலாளியிடமும் கேளுங்கள், அவருக்குத்தான் எல்லாம் தெரியும். கூடினால் மூடிவிடுங்கள், நான் அடுத்த மடல் எழுத மாட்டேன்.

2013 மார்ச் 30 போர்ட் லூயி வெள்ளத்தில் 11 பேர் இறந்தார்கள். அதற்குப் பிறகு வாய்க்கால், வடிகால் பற்றிப் பேசாதவர் இல்லை. பேச்சு அடங்கியதும் பழையபடி முதுகைக் காட்டிக்கொண்டு வீடு கட்டுகிறோம். ஒரு வாய்க்காலை வாராவாரம் பார்க்கிறவனுக்கு அதில் மண் எத்தனை விரல் ஏறியிருக்கிறது என்று தெரியும். என் ஊர்ச் சிறுபாலத்தில் இப்போது மூன்று கல் வரிசை தெரிகிறது, என் சின்ன வயதில் ஐந்து தெரிந்தது. இதை எந்த அலுவலகத்தில் போய்ச் சொல்வது என்று தெரியாததால் இங்கேயே எழுதிவைக்கிறேன்.

உங்களில் யாராவது நேரில் பார்க்க விரும்பினால், ஞாயிற்றுக்கிழமை காலை ஆறரைக்கு அந்தக் கேட்டருகே இருப்பேன். வீட்டில் இன்னொரு சைக்கிள் இருக்கிறது, தங்கை மகனுடையது. சீட் கொஞ்சம் தாழ்வு, பின் பிரேக் கீச்சிடும். பஞ்சர் ஒட்டும் சாமானும் காற்றடிக்கும் பம்பும் நான் கொண்டுவருகிறேன். கேட்டைத் திறக்கச் சொல்ல வேண்டியது மட்டும் நீங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர்,
வட மொரீசியஸ்